பண்டிகையும் பண்டமும்: ஆசிரியர்க்கு ஒரு பாடம்

சிவமயம்

தோற்றுவாய்

சைவப் பாடசாலைகளிலே சமயபாடங் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பண்டிகைகளைப் பற்றிய பாடங்களை நடத்துகின்றார்கள். தைப்பொங்கல் இன்ன காரணம் பற்றி வந்தது, தீபாவளி இன்ன காரணம் பற்றி வந்தது, சித்திரை வருடப்பிறப்பன்று இன்னின்ன செய்தல் வேண்டும் என்று மாணாக்கர் மனனஞ்செய்து பரீட்சையில் எழுதுகின்றார்கள். ஆயினும் அப்பண்டிகைகள் அவர்தம் இல்லங்களில் இக்காலத்து எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை நாம் வகுப்பிலே எடுத்துப் பேசுவது அரிது. பாடம் ஒரு பண்டிகையைச் சொல்லுகின்றது. வீடு வேறொரு பண்டிகையைச் செய்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பவன் மாணாக்கன். அவனுக்கு வழிகாட்டுதல் ஆசிரியர் கடமையாதலால், இப்பொருள் பற்றிச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே அக்கரைப்பற்று, கல்முனைக் கடைவீதிகளில் ஒலிபெருக்கிகள் பேசத் தொடங்குகின்றன. ஒலிபெருக்கி எட்டாத வினாயகபுரத்து ஒழுங்கைகளிலும் கைத்தொலைபேசித் திரை எட்டுகின்றது. கழிவு விலை, இலவசப் பரிசு, முற்பணமின்றித் தவணை என்னும் சொற்களைச் சிறுவர்கள் எண்சுவடியினும் விரைவாகப் பாடஞ்செய்து விடுகின்றார்கள். புத்தாடை வாங்குதலோடு நின்ற பழைய வழக்கம், இப்போது புதுக் கைத்தொலைபேசி, புதுத் தொலைக்காட்சி, புது ஒலிக்கருவி என்று விரிந்து செல்கின்றது. சென்ற ஆண்டு வாங்கியது பழுதுறாமலே இருக்கவும், இவ்வாண்டு வந்தது வேண்டும் என்னும் ஆசை பெற்றாரையும் பிள்ளைகளையும் ஒருங்கே பற்றுகின்றது.

கடைக்காரரைக் குறைகூறுதல் எமது கருத்தன்று. வாணிகம் பழித்தற்குரிய தொழிலன்று. நம்முடைய நாயன்மாருள்ளும் வணிகர் உளர். இக்கேடு சைவருக்கே உரியதென்பதும் எமது கருத்தன்று. நம் அயலிலே வாழும் முஸ்லிம் சகோதரர்கள் வீண்விரயத்தை ‘இஸ்ராப்’ என்று பெயரிட்டு விலக்குவர்; நோன்பினால் ஒடுக்கிய ஆசை பெருநாட் கடையிலே கட்டவிழ்ந்து விடலாகாது என்று அவர்தம் பெரியோரும் அறிவுறுத்துவர். மிஷன் பாடசாலையிற் கற்ற எமக்கு, கிறிஸ்தவர் தவக்காலத்திற் கைக்கொள்ளும் ஒடுக்கமும் தெரியும். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகிய இந்நோய்க்குச் சைவநூல்கள் கூறும் மருந்து யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பண்டிகை வருங் காலம்

நமது பஞ்சாங்கத்தை ஒருமுறை கூர்ந்து நோக்குக. கேதாரகௌரி விரதம் புரட்டாதி மாதத்துச் சுக்கிலபட்சத்திலே தொடங்கி, இருபத்தொரு நாள் நடைபெற்று, ஐப்பசி அமாவாசையன்று முற்றுப் பெறுகின்றது. அவ்வமாவாசைக்கு அடுத்த பிரதமையிலே கந்தசஷ்டி விரதம் தொடங்கி ஆறு நாள் நிகழ்கின்றது. இவ்விரு விரதங்களுக்கும் நடுவிலே தீபாவளி அமைந்திருக்கின்றது. முன்னும் உபவாசம், பின்னும் உபவாசம், இடையிலே ஒருநாள் எண்ணெய் முழுக்கும் இன்னமுதும். உண்ணாமை அறிந்தவனே உண்டலின் இன்பத்தை அறிவான் ஆதலின், முன்னோர் இவ்வாறு வகுத்த வைப்புமுறை மிகப் பொருத்தமுடையது. இக்காலத்திலோ, முன்னொரு தவணை பின்னொரு தவணை என்னும் இரண்டுக்கும் நடுவிலே அப்பண்டிகை அகப்பட்டுக்கொண்டது. விரதத்தை விட்டு விருந்தை மாத்திரம் பிடித்துக்கொண்டமையே இதற்குக் காரணம்.

இன்னும் ஒன்று நோக்குக. ஐப்பசி மாதம் நமது கரையிலே பெரும்போக வேளாண்மை விதைக்குங் காலம். அதனை வெட்டிச் சூடடிப்பது மாசி, பங்குனி அளவிலாம். ஆகவே தீபாவளி வரும்போது உழவன் கையிலே காசில்லை. இருக்குங் காசும் விதைநெல்லுக்கும் உழவுக்கூலிக்கும் பசளைக்கும் உரியது. கடற்றொழில் செய்வோர்க்கும் அக்காலத்தை அடுத்தே வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கும். தோணி கரையிலே கிடக்கும். கூலிவேலை செய்வோர்க்கு மாரிமழை வேலையைக் குறைக்கும். எனவே ஆண்டிலே கை மிக வறண்டிருக்கும் பருவம் எதுவோ, அப்பருவத்திலேதான் கடைவீதி மிக உரத்துக் கூப்பிடுகின்றது. சித்திரை வருடப்பிறப்போ வேளாண்மை வெட்டியபின் வருவது. அப்போது செலவு செய்தாலும் அது விளைந்த நெல்லிலிருந்து செல்லும். தீபாவளியிற் பட்ட கடன் விதைக்கப்படாத நெல்லைத் தின்கின்றது.

விளையாத நெல் நிச்சயமுடையதன்று என்பதை நாம் கண்கூடாகக் கண்டிருக்கின்றோம். 2021 ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டபோது, அடுத்த பெரும்போகம் நாடெங்கும் குன்றியது. 2022 ஏப்பிரில் 12 ஆந் திகதி, சித்திரை வருடப்பிறப்புக்கு இருநாள் முன்னதாக, இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலரின் விலை, சில மாதங்களுள் 360 ரூபாவளவுக்கு ஏறியது. செப்ரெம்பர் மாதத்திலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. அதற்கு அடுத்த மாதத்திலே வந்தது தீபாவளி. வருவாய்க்கு மிஞ்சிக் கடன்பட்டு வாங்குதல் தனிமனிதனுக்கு எத்தகைய கேட்டைத் தருமோ, அதே கேட்டை ஒரு தேசம் முழுவதும் அனுபவித்த ஆண்டு அது. வருவாய் சிறிதாயினும் செலவு அதனின் மிகாதிருந்தால் தீங்கில்லை என்று திருவள்ளுவ நாயனார் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே அறிவுறுத்தியது அரசனை நோக்கியே என்பதையும் மாணாக்கர்க்குச் சொல்லுக.

தவணையின் கணக்கு

கடன் என்னுஞ் சொல் அச்சந் தருவது. தவணை என்னுஞ் சொல் அச்சந் தராதது. இரண்டும் ஒன்றே என்பதைக் கணிதத்தாற் காட்டுதல் வேண்டும். ஓர் உதாரணம்: ஒரு கைத்தொலைபேசியின் ரொக்க விலை 60,000 ரூபா எனக் கொள்க. முற்பணம் 12,000 ரூபா. எஞ்சியதற்காக மாதம் 5,500 ரூபா வீதம் 12 மாதங் கட்டுதல் வேண்டும். கட்டும் தவணைப்பணம் மொத்தம் 66,000. முற்பணத்தையுங் கூட்டினால் 78,000. ஆகவே 18,000 ரூபா மிகை.

“அறுபதுக்குப் பதினெட்டுத்தானே, நூற்றுக்கு முப்பது” என்று மாணாக்கன் சொல்வான். அது பிழை. கடனாகப் பெற்றது 60,000 அன்று, 48,000. அதன்மேல் 18,000 என்றால் நூற்றுக்கு 37½ ஆகின்றது. அதுவும் முற்றும் உண்மையன்று. அந்த 48,000 ரூபாவும் ஓராண்டு முழுவதும் நம் கையில் இருக்கவில்லை. மாதந்தோறும் குறைந்து வருகின்றது. முதல் மாதம் 48,000, இரண்டாம் மாதம் 44,000 என்று சமனாகக் குறைந்து, ஈற்று மாதம் 4,000 ஆகின்றதாகக் கொண்டால், சராசரியாக நம்மிடம் இருந்த கடன் 26,000 ரூபாவே. அதற்கு ஓராண்டு வட்டி 18,000. எவ்வாறு நுணுகிக் கணித்தாலும் ஆண்டுக்கு நூற்றுக்கு 60க்கு மேற்பட்ட வட்டியாகின்றது. வட்டிக்கடைக்காரன் இவ்வட்டி கேட்டால் ஊர் திரண்டு அவனை வைது பேசும். தவணை என்னும் பெயரிலே கேட்டாற் புன்னகையோடு கையெழுத்திடுகின்றது.

கைத்தொலைபேசியோடு இது முடிந்தாற் குற்றஞ் சிறிது. தவணை கட்ட முடியாத மாதத்திலே பெண்கள் நுண்கடன் எடுக்கின்றார்கள். அந்நுண்கடனைக் கட்ட இன்னொரு நுண்கடன். நுண்கடன்கள் பெரும்பாலும் பிழைப்பின் பொருட்டு எடுக்கப்பட்டவையே. அவற்றை எடுத்தவர்களை ஆடம்பரக்காரர் என்று பழித்தல் அநீதி. ஆயினும் அச்சுமையின்மேல் பண்டிகைச் சுமையும் ஏறும்போது குடும்பம் நிலைகுலைகின்றது. 2018 ஆம் ஆண்டிலே, வரட்சியாற் பாதிப்புற்ற 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்றுக் கட்டமுடியாது நின்ற ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தானே தீர்த்தற்கு அரசு முன்வந்ததும், வட்டிக்கு நூற்றுக்கு 35 என்று எல்லை கூறியதும், நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

கருவியென்பது யாது

இனிச் சித்தாந்தம் கூறுவதைப் பார்ப்போம். உலகம் பொய்யென்றும், பொருள்களெல்லாம் கானல்நீரென்றும் சைவசித்தாந்தம் கூறுவதில்லை. தநு கரண புவன போகங்கள் மாயையினின்றும் தோன்றி, ஆணவ இருளிலே கிடக்கும் ஆன்மாவுக்குச் சிற்றறிவு விளங்குமாறு இறைவனாற் கொடுக்கப்பட்டவை. உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனிலே மாயையை, விடியுமளவும் உதவும் விளக்குக்கு ஒப்பிட்டார். இவ்வுவமையை மாணாக்கர் மனத்தில் ஆழப் பதிக்க வேண்டும். விளக்கு வேண்டும், விளக்கின்றி இருளிலே நடக்க முடியாது. ஆனால் விளக்கு வழியைக் காண்பதற்கு உரியது. வழி நடவாது ஒரு விளக்கை அணைத்து வேறொரு விளக்கை ஏற்றி, அதையும் அணைத்து இன்னொன்றை ஏற்றிக்கொண்டு ஒருவன் இராமுழுதும் வாயிலிலே நின்றால், அவனுக்கு விளக்கினாற் பெற்ற பயன் யாது?

கைத்தொலைபேசியும் கணினியும் இத்தகைய விளக்குகளே. அவற்றைப் பழித்தல் சைவர்க்குத் தகாது. பழிக்கத்தக்கது யாதெனின், கருவியைப் பயனாகவே மயங்கும் மயக்கம். அம்மயக்கம் கருவியினின்றும் வருவதன்று. “என்னிடம் உள்ளது பிறரிடம் உள்ளதினுஞ் சிறந்தது” என்னும் ஆணவத்தினின்றும் வருவது. அதனாலேயே புதுக்கருவி வாங்கிய சின்னாளில் ஆசை தணியாது மீண்டும் எழுகின்றது. அயலான் அதனினும் புதியதொன்று வாங்கியவுடன் நம்முடையது நம் கையிலேயே பழையதாகி விடுகின்றது. அக்கருவியில் ஓராணிதானும் தேயவில்லை.

நாவலர் வாங்கிய கருவி

புதுக்கருவி வாங்குதல் எப்போது தக்கது என்பதற்கு நமது ஆறுமுகநாவலர் அவர்கள் சரித்திரத்திலேயே உதாரணம் இருக்கின்றது. 1822 டிசெம்பர் 18 ஆந் திகதி நல்லூரிலே பிறந்த நாவலர் அவர்கள், பேர்சிவற் பாதிரியாருடைய உவெஸ்லியன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். பாடசாலை உண்டாயிற்று, பிள்ளைகளும் வந்தார்கள், படிப்பிக்கப் பிழையற்ற புத்தகம் இல்லை. ஏட்டுப்பிரதிகள் சிலவே, எழுதுவோர் பிழைகளும் அவற்றில் மலிந்திருந்தன. அதன்பின்னரே, 1849 ஆம் ஆண்டிலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார்கள். இந்தியாவிலே சுதேசிகள் தடையின்றி அச்சகம் நடத்த இடமுண்டானது 1835 ஆம் ஆண்டின் பின் என்பதை நினைத்தால், அச்சியந்திரம் அக்காலத்திலே எத்துணைப் புதுமை வாய்ந்த கருவி என்பது விளங்கும். அக்கருவியாற் பாலபாடங்களும், பெரியபுராண வசனமும், வினாவிடைகளும் வெளிவந்து நமது கைகளிலும் இருக்கின்றன.

இதிலிருந்து மூன்று சோதனைகளை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, பணி முன்னோ கருவி முன்னோ? நாவலர் பாடசாலையை முன்னரும் அச்சியந்திரத்தைப் பின்னருங் கண்டார். இரண்டாவது, பழையது மெய்யாகவே போதாதா? ஏட்டுப்பிரதி வகுப்பொன்றுக்கு எட்டாது என்பது வெளிப்படை. மூன்றாவது, பயன் ஒருவனோடு நிற்குமோ பலருக்குஞ் செல்லுமோ? இவற்றோடு நம் காலத்துக்கு வேண்டிய நான்காவது ஒன்றையுஞ் சேர்க்க: விளையாத நெல்லை அடகு வையாமல் இதை வாங்க முடியுமா? இந்நான்கிலுந் தேறிய கருவியைத் தடையின்றி வாங்குக. ஒன்றிலே தவறினும் ஒரு போகம் பொறுத்திருக்க. பொறுத்திருக்கும்போதே பல ஆசைகள் தாமே உலர்ந்துபோகக் காண்போம்.

நமக்கு அணித்தாகிய காரைதீவிலே 1892 ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த சுவாமிகளையும் இங்கே நினைத்தல் தகும். அவர்களும் மிஷன் பாடசாலைகளிற் பயின்றவர்கள், விஞ்ஞானம் வல்லவர்கள், விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கு உழைத்தவர்கள். புதுமைக்கு அஞ்சினவரல்லர். ஆயினும் அவர்கள் பல்லாண்டு உழைத்து ஆராய்ந்தது, எக்கடையிலும் விலைக்குக் கிடையாது மறைந்துபோன கருவியாகிய யாழையே. 1947 ஆம் ஆண்டு அரங்கேறிய யாழ்நூல் அவ்வுழைப்பின் பயன்.

ஆட்சேபமும் சமாதானமும்

முதலாம் ஆட்சேபம்: புதிது வாங்குதல் பண்டிகை மரபன்றோ? ஆம், மரபே. புத்தாடைக்கு மஞ்சள் தோய்த்து, சுவாமி சந்நிதியில் வைத்து, மூத்தோர் கையாற் கொடுக்கப் பெற்று உடுத்தல் நமது வழக்கம். அவ்வாடை மூத்தோர் ஆசியின் வடிவு. வருடப்பிறப்பன்று கொடுக்கும் கைவிசேடமும் அத்தகையதே. அதன் மதிப்பு நாணயத்தின் அளவில் இல்லை, கொடுத்த கையில் இருக்கின்றது. ஒரு புத்தாடை வாங்குக; இயன்றாற் கல்முனைக்கு அணித்தாகிய மருதமுனையிலே நம் அயலார் நெய்யுங் கைத்தறித் துணியில் வாங்குக. அப்பணம் நம் கரையிலேயே ஓர் அடுப்பை எரிக்கும்.

இரண்டாம் ஆட்சேபம்: இக்காலத்துக் கைத்தொலைபேசியின்றிக் கல்வியில்லையே? இதிலே உண்மை உண்டு. 2020 மார்ச்சு மாதத்திலே பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே சென்றன. அஃதில்லாத பிள்ளைகள் பின்தங்கினார்கள். கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையப் பாடங்களும், 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் மின்னூற் சேமிப்பும் பயன் மிகவுடையவை; கிடைத்தற்கரிய ஈழத்துத் தமிழ் நூல்களை வினாயகபுரத்திலிருந்தே வாசிக்க இன்று இயலும். ஆனால் இவற்றுக்கு வேண்டுவது நன்கு இயங்கும் ஒரு கருவி. இவ்வாண்டிலே வந்த கருவியன்று. கைத்தொலைபேசியில் முதலிலே தளர்வது பெரும்பாலும் அதன் மின்கலம். நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றியபின் அது வலிகுன்றுவது இயல்பு. மின்கலத்தை மாற்றினால் கருவி இன்னுஞ் சில ஆண்டு உழைக்கும். “போன் கிழண்டு போயிற்று” என்று எறியப்படுபவற்றுட் பல, மின்கலம் மாத்திரம் கிழண்டவை.

மூன்றாம் ஆட்சேபம்: எல்லாரும் வாங்கும்போது வாங்காத பிள்ளை தாழ்வுணர்ச்சி கொள்ளாதா? ஆட்சேபங்களுள் வலியது இதுவே. தாய்மார் கடன்படுதற்கு மெய்க்காரணமும் இதுவே. தன் பிள்ளை தலைகுனிய நிற்பதைக் காணப் பொறாத தாயின் அன்பை நாம் எங்ஙனம் பழிப்போம்? போரிலும் 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி கடற்கோளிலும் துணையை இழந்து, தனியே நின்று பிள்ளை வளர்த்த தாய்மார் நம் கரையிலே பலர். ஆகவே தாய்க்கு உபதேசஞ் செய்வதை விட்டு, அப்பிள்ளையைத் தலைகுனியச் செய்வது யார் என்று பார்க்க வேண்டும். விடுமுறை கழிந்து வகுப்புத் தொடங்கும் முதல்நாளிலே, “தீபாவளிக்கு என்ன வாங்கினீர்கள்?” என்று வகுப்பைக் கேட்பது ஆசிரியர் பலரிடத்துள்ள வழக்கம். தீதறியாத வினாவே அது. ஆயினும் அவ்வினாவுக்குப் பதில் சொல்ல எழும் பிள்ளைகளையும் எழாத பிள்ளைகளையும் நோக்குக. எழாத பிள்ளை அன்று மாலை வீடு சென்று தாயிடம் என்ன கேட்கும் என்பதை எண்ணுக. அவ்வினாவை, “தீபாவளியன்று யாரைக் கண்டு வணங்கினீர்கள்? யாருக்கு என்ன கொடுத்தீர்கள்?” என்று மாற்றினால், எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நிற்பார்கள். காசு செலவில்லாத சீர்திருத்தம் இது. இக்கட்டுரையிலே வேறொன்றையும் கைக்கொள்ளாவிடினும் இதனைக் கைக்கொள்ளுமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றோம்.

நான்காம் ஆட்சேபம்: எல்லாரும் வாங்காதொழிந்தால் தொழில்கள் எவ்வாறு நடக்கும்? வாங்காதிருக்கும்படி யாம் சொல்லவில்லை. ஆராய்ந்து வாங்கும்படி சொல்லுகின்றோம். பழுதுபார்ப்பவனும் தொழிலாளியே, நெய்பவனும் தொழிலாளியே. அன்றியும், எறியப்பட்டவை எங்கே செல்கின்றன என்பதையும் எண்ண வேண்டும். 2022 ஆம் ஆண்டிலே உலகத்தார் கழித்த மின்கருவிக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். அதில் முறைப்படி சேகரித்து மீளப் பயன்படுத்தப்பட்டதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22.3 மாத்திரமே. எஞ்சியவற்றின் ஈயமும் பாதரசமும் எவர் கிணற்றையோ சேர்கின்றன. மேல்நாட்டாரும் இதனை உணராமலில்லை. கனடா தேசத்து வன்கூவர் நகரிலே 1992 ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஒன்றும் வாங்காத நாள்’ என்னும் இயக்கம், பெருவிற்பனை நடக்கும் நாளையே தேர்ந்து, அன்று கடைக்குச் செல்லாதிருக்குமாறு வேண்டுகின்றது. விரதம் என்னும் முறையை நாம் நெடுங்காலமாக உடையேம். அதனை மறந்தது நம் தவறு.

வகுப்பில் நடத்தும் முறை

இப்பொருளை மூன்று பாடவேளைகளில் நடத்தலாம்.

முதற் பாடவேளை, அமர்நீதி நாயனார் சரித்திரம். பழையாறையிலே பொன்னும் மணியும் துகிலும் விற்ற வணிகர் அவர். அடியார்க்குக் கோவணமும் கீளும் கொடுத்து அமுது செய்வித்தலைத் தொண்டாகக் கொண்டவர். பிரமசாரியாக வந்த பெருமான் வைத்துச்சென்ற கோவணம் மறைந்தபோது, தண்டிலே கட்டியிருந்த மற்றைக் கோவணத்துக்கு நிறையொத்த துணி தருமாறு தராசு நிறுத்தப்பட்டது. கடையிலுள்ள பட்டும் துகிலும் பொன்னும் முழுவதும் ஏற்றியும் தட்டுச் சமனாகவில்லை. ஈற்றிலே மனைவியோடும் மைந்தனோடும் தாமும் தட்டில் ஏறியபோதே நிறை ஒத்தது. இதனைச் சொல்லி முடித்து, “ஒரு கடை முழுவதும் ஒரு கோவணத்துக்கு ஒவ்வாமற்போனது ஏன்?” என்று வினாவுக. விடையை ஆசிரியர் உடனே சொல்லலாகாது. பிள்ளைகள் தாமே தேடட்டும். பொருளின் மதிப்பு அதன் விலையாலும் புதுமையாலும் அமைவதன்று, அது யாருக்காக என்பதனால் அமைவது என்னும் முடிவுக்கு அவர்கள் வந்து சேர்வார்கள்.

இரண்டாம் பாடவேளை, மேலே காட்டிய தவணைக் கணக்கு. கணிதாசிரியரையும் துணைக்கொள்க. முற்பணத்தையும் மாதத் தவணையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக் கணிக்கச் செய்க. 5,500 ரூபாவை மாதந்தோறும் சேமித்தால் எத்தனையாம் மாதத்திலே 60,000 ரூபா ரொக்கம் சேரும் என்றுங் கேட்க. 11 ஆம் மாதத்திலே சேர்ந்துவிடும் என்று அவர்கள் தாமே காண்பார்கள், முற்பணமும் மிச்சம். இங்கே ஓரெச்சரிக்கை: எந்தப் பிள்ளையினுடைய வீட்டுக் கடனையும் வகுப்பிலே கேட்கலாகாது, எந்தப் பிள்ளையும் தன் வீட்டுக் கணக்கை எழுதிக் காட்டுமாறு செய்யலாகாது. கணக்கு கற்பனைக் கணக்காகவே இருக்கட்டும். வீட்டுக்குப் போகவேண்டிய உண்மை தானே போகும்.

மூன்றாம் பாடவேளை, பழுதுபார்த்தலும் பண்டிகைத் திட்டமும். உடைந்த குடை, கிழிந்த புத்தகப்பை, நின்றுபோன மணிக்கூடு முதலியவற்றைக் கொண்டுவரச் செய்து, இயன்றவற்றைத் திருத்தப் பழக்குக. ஊரிலுள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்துக் காட்டச் செய்தல் மிக நன்று. பிள்ளைகள் அவரை “அண்ணர்” என்றோ “மாமா” என்றோ அழைத்து மரியாதையோடு கேட்டறியட்டும். பின்பு, கடைக்குச் செல்லாமற் செய்யத்தக்க பண்டிகைச் செயல்கள் பத்தினை எழுதச் செய்க: கோயிலுக்குக் கூட்டமாகச் சென்று அலகிடுதல், தேவாரம் ஓதுதல், முதியோரைக் காணச் செல்லுதல், அயலவரோடு பலகாரம் பகிர்தல் முதலியன. தம்பிலுவிற் கண்ணகை அம்மன் கோயிலிலே வைகாசிச் சடங்குக்கு ஊர் முழுவதும் கூடுவதையும், திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி சந்நிதிக் கடலிலே ஆடியமாவாசைத் தீர்த்தமாடப் பெருந்திரள் வருவதையும் அவர்களே கண்டிருக்கின்றார்கள். கடலாடும்போது எவர் கையிற் புதுக்கருவி இருந்தது என்று எவரும் பார்ப்பதில்லை.

பரீட்சை வினாக்கள்

1. தீபாவளிக்கு முன்னும் பின்னும் வரும் விரதங்கள் எவை? அவ்வாறு அமைந்ததனாற் பெறப்படும் கருத்து யாது?
2. நமது கரையில் வேளாண்மை விதைக்குங் காலமும் வெட்டுங் காலமும் எவை? தீபாவளிக் கடன் ஏன் மிகக் கொடியது?
3. ரொக்க விலை 40,000 ரூபா, முற்பணம் 10,000, மாதத் தவணை 3,500, தவணைகள் 12. மிகையாகக் கொடுப்பது எவ்வளவு? அது கடனாகப் பெற்ற தொகைக்கு நூற்றுக்கு எவ்வளவு?
4. மாயையை விளக்குக்கு ஒப்பிட்டவர் யார்? அவ்வுவமை கருவிகளுக்கு எவ்வாறு பொருந்தும்?
5. நாவலர் அச்சியந்திரம் வாங்கியதிலிருந்து அறியப்படும் சோதனைகள் எவை?
6. அமர்நீதி நாயனார் தராசிலே ஈற்றில் ஏற்றியது யாது? அதன் தாற்பரியம் யாது?
7. நீ வாங்க விரும்பும் ஒரு பொருளை நான்கு சோதனைகளாலும் ஆராய்ந்து எழுதுக.

முடிவுரை

பாடம் எத்துணை நன்றாயினும், நடத்துபவருடைய நடையே பிள்ளைகள் கற்கும் முதற்பாடம். பண்டிகை முற்பணம் பெற்று, பின்னர்ச் சம்பளத்தில் மாதந்தோறும் கழிபட நிற்பவர் நம்முள்ளும் பலர். ஆசிரியர் அறையிலே இடைவேளைப் பேச்சு யாருடைய கைத்தொலைபேசி புதிது என்பதைப் பற்றியதாயின், அப்பேச்சு சுவருக்கு அப்பாலுஞ் செல்லும். பழைய கருவியைக் கூசாமற் கையில் எடுத்து, அதனாற் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பாடத்தைக் காட்டும் ஆசிரியர் ஒருவர், பத்துப் பிரசங்கத்தினால் ஆகாததைச் செய்து முடிப்பார்.

வருகின்ற ஐப்பசிக்கு முன்னதாக ஒவ்வொரு சைவப் பாடசாலையிலும் இப்பாடத்தை ஒருமுறையேனும் நடத்துக. நடத்தியவர்கள் தாம் கண்டவற்றையும், பிள்ளைகள் கேட்ட புது வினாக்களையும், இங்கே கூறப்படாத ஆட்சேபங்களையும் நமது சபைக்கு எழுதி அனுப்பினால், அவற்றை ஆராய்ந்து பாடத்தைத் திருத்தியமைத்தல் கூடும். பண்டிகை நாளிலே ஒரு வீட்டிலேனும் கடன் ஒழிந்து, விளக்கொன்று ஏற்றி, மனநிறைவோடு சிவபெருமானை வணங்கும் நிலை உண்டாயின், அதுவே நமது உழைப்புக்குப் போதிய பயனாம். அதற்குத் திருவருள் முன்னிற்பதாக.

சிவம்.